பாலியல் தொழில் செய்யும் பெண்களுக்குக் கட்டாய ரத்தப் பரிசோதனை வைத்தால் நோய் நின்றுவிடுமா?

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சிறு நகரம் எங்கள் ஊர். கடைவீதிக்குப் பின்னால் உள்ள மலிவு விடுதிகளில் பாலியல் தொழில் நடப்பது ஊருக்கே தெரியும். அந்தப் பெண்களுக்கு மாதாமாதம் கட்டாயமாக ரத்தம் எடுத்துச் சோதித்து அட்டை கொடுத்தால் நோய் பரவாது அல்லவா? செம்பனை லாரி ஓட்டும் என் தம்பியும் அங்கே போய் வருகிறான் என்று தெரிந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அவனிடம் என்ன சொல்வது?

பதில்:

நின்றுவிடாது. அரசாங்க கிளினிக்குகளில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். பெரும்பாலும் உங்கள் ஊரைப் போன்ற தோட்டப்புற நகரங்களில்தான் இருந்தேன். அந்த அட்டை நோயைக் கூட்டவே வழி செய்யும் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை ஒரு பெண்ணுக்குப் பரிசோதனை நடக்கிறது, நோய் இல்லை என்று அட்டை தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை வருகிற ஓர் ஆணிடமிருந்து அவளுக்கு வெட்டை நோய் (கொனோரியா) தொற்றுகிறது. மாதம் முடியும்வரை அவள் கையில் இருப்பது "நோய் இல்லை" என்ற அட்டைதான். அடுத்து வருகிறவன் அதைப் பார்த்துவிட்டு ஆணுறை வேண்டாம் என்பான். அவளைக் காத்துக்கொண்டிருந்த ஒரே பொருளும் அதோடு போய்விடும். அவளுக்கு நோயைக் கொடுத்தவனிடம் யாரும் அட்டை கேட்கவில்லை. அவன் வீட்டுக்குப் போய் மனைவிக்கும் கொடுக்கிறான்.

மருத்துவ ரீதியாகவும் இந்த யோசனையில் ஓட்டை இருக்கிறது. வெட்டை நோயும் கிளமிடியா என்ற இன்னொரு பால்வினை நோயும் ரத்தப் பரிசோதனையில் தெரியாது. அவற்றுக்குச் சிறுநீரையோ உறுப்பிலிருந்து எடுத்த திரவத்தையோ சோதிக்க வேண்டும். பெண்கள் பலருக்கு இந்த இரண்டிலும் எந்த அறிகுறியும் இராது. ரத்தத்தில் தெரியக்கூடிய சிபிலிசும் எச்ஐவியும்கூடத் தொற்றிய மறுநாளே தெரிவதில்லை, சில வாரங்கள் ஆகும்.

பெண்களை மட்டும் சோதிக்கும் முறையை இந்த மண் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் பிரிட்டிஷார் 1870இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். விடுதிகளைப் பதிவு செய்தார்கள், பெண்களைப் பரிசோதித்தார்கள், நோய் கண்டால் மருத்துவமனையில் அடைத்தார்கள். அவர்களிடம் போன ஆண்களை யாரும் தொடவில்லை. 1880களின் இறுதியில் அந்தச் சட்டம் கைவிடப்பட்டது. இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டதும் இப்படிப்பட்ட ஓர் இடத்தில்தான். 1986இல் சென்னையில் காவலில் இருந்த பாலியல் தொழிலாளிகளின் ரத்தத்தை டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சோதித்தபோது அது தெரியவந்தது. மருத்துவ உலகுக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் தொற்று இருந்த பெண்கள் உரிய காலம் கடந்தும் அடைத்து வைக்கப்பட்டார்கள், நீதிமன்றம் தலையிட்ட பிறகே வெளியே வந்தார்கள். ரத்தம் கொடுத்தால் கதவு பூட்டப்படும் என்று தெரிந்த பிறகு எந்தப் பெண் கையை நீட்டுவாள்?

அந்தப் பயத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்புள்ளிகளோடு ஓர் அக்கா வந்தார். சோப்புத் தூள் ஒத்துக்கொள்ளவில்லை, களிம்பு மட்டும் கொடுங்கள் என்றார். தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது வேலையும் வீடும் சேர்ந்து போயிருந்தன. உள்ளங்கையில் அப்படிப் புள்ளிகள் வந்தால் இரண்டாம் நிலைச் சிபிலிசாக இருக்குமோ என்று பார்க்க வேண்டும். நம் பெரியவர்கள் மேகநோய் என்றது இதைத்தான். முதல் நிலையில் வருவது வலியில்லாத ஒரு புண், அது தானாகவே ஆறிவிடும். ஆறிவிட்டது என்று விட்டுவிடுவார்கள், கிருமி உள்ளே இருக்கும். ரத்தம் எடுக்கலாமா என்று கேட்டதும் அக்கா எழுந்து நின்றுவிட்டார். "போலீசுக்குச் சொல்வீர்களா மிஸ்ஸி?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

இங்கே பலருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி சிபிலிஸ், வெட்டை, எச்ஐவி ஆகியவற்றைக் கண்டறியும் மருத்துவர் அறிவிக்கத்தான் வேண்டும். அந்த அறிவிப்பு போவது சுகாதார அலுவலகத்துக்கு, போலீஸ் நிலையத்துக்கு அல்ல. கூடப் பழகியவர்களுக்கும் சிகிச்சை கிடைக்கட்டும் என்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. அதை நான் விளக்கிச் சொன்ன பிறகும் அக்கா நம்ப நேரம் பிடித்தது. அவர் பயத்துக்குக் காரணமும் இருந்தது. தண்டனைச் சட்டத்தின் 372பி பிரிவின்படி பாலியல் தொழிலுக்காக ஆள் அழைப்பதற்கு ஓராண்டுவரை சிறை உண்டு. சோதனையில் கைப்பையில் ஆணுறை அகப்பட்டால் அதையே சாட்சியாக்கிவிடுவார்கள் என்ற அச்சத்தில் அவருடைய தோழிகள் ஆணுறை வைத்திருப்பதையே விட்டிருந்தார்கள். சட்டத்துக்குப் பயந்து நோய்க்குத் தம்மை ஒப்புக்கொடுத்த நிலை அது. அதைக் கேட்ட அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் குறையவில்லை.

அவருக்குச் சிபிலிஸ்தான். தொடக்க நிலைச் சிபிலிசுக்கு மருந்து பழைய பென்சிலின்தான், 24 லட்சம் யூனிட், ஒரே தடவை. ஊசி நன்றாக வலிக்கும், ஆனால் அதோடு முடிந்துவிடும். பிறகு அவரே தம் தோழிகளை அழைத்து வந்தார். சுவரொட்டி ஒட்டி எங்களால் செய்ய முடியாததை அவருடைய ஒரு வார்த்தை செய்தது. கொல்கத்தாவின் சோனாகாச்சியில் 1992இல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா தொடங்கிய திட்டம் முழுவதும் இந்த வழியில்தான் நடந்தது. அந்தத் தொழிலில் இருக்கும் பெண்களே மற்றவர்களிடம் போய்ப் பேசினார்கள், ஆணுறை கொடுத்தார்கள், கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள்.

தாய்லாந்து வேறு வழியில் போனது. அங்கே ஆணுறை இல்லாமல் எந்த விடுதியிலும் சேவை இல்லை என்ற விதியை 1989இல் ராட்சபுரி மாநிலத்தில் தொடங்கி 1991இல் நாடு முழுவதற்கும் விரித்தார்கள். பொறுப்பு பெண்ணின் தலையில் மட்டும் இல்லாமல் விடுதி முதலாளியின் தலையிலும் வாடிக்கையாளன் தலையிலும் விழுந்தது. இந்த விடுதியில் மாட்டேன் என்றால் அடுத்த விடுதிக்குப் போகலாம் என்று ஆண் மிரட்ட முடியாது, எங்கும் அதே விதி. 1989இல் 14 விழுக்காடாக இருந்த ஆணுறைப் பயன்பாடு சில ஆண்டுகளிலேயே 90ஐத் தாண்டியது. அரசு கிளினிக்குகளுக்குப் பால்வினை நோயோடு வந்த ஆண்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. அங்கும் அதிகாரிகளின் கெடுபிடி இருந்தது, அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் யாரைத் திருத்தினால் நோய் குறையும் என்பது அங்கே தெளிவாகத் தெரிந்தது.

பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலேசியாவில் கர்ப்பிணிகள் கிளினிக்குக்கு வந்ததும் சிபிலிசுக்கும் எச்ஐவிக்கும் ரத்தம் எடுக்கிறோம். தோட்டத்துப் பெண், ஆசிரியை, கடை முதலாளியின் மனைவி எல்லோருக்கும் ஒரே மாதிரி. யாரையும் குறி வைப்பதில்லை, நோய் இருந்தால் மருந்து அங்கேயே கிடைக்கிறது. அதனால்தான் தாயிடமிருந்து குழந்தைக்கு இந்த இரண்டு நோய்களும் பரவுவதைத் தடுத்துவிட்ட நாடு என்று 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் நமக்குச் சான்று கொடுத்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் நாம்தான் முதல் நாடு. அதில் வேலை செய்தவர்களில் ஒருத்தி என்று சொல்ல எனக்குப் பெருமை.

இப்போது உங்கள் தம்பி. அவரை அவமானப்படுத்தாதீர்கள். வீட்டில் கத்தினால் போவதை நிறுத்தமாட்டார், சொல்வதை நிறுத்திவிடுவார். மூத்தவர் நீங்கள், நேராகப் பேசுங்கள். ஒவ்வொரு முறையும் ஆணுறை, அந்தப் பெண் கேட்பதற்கு முன்பே இவர் கையில் இருக்க வேண்டும். பால்மரம் வெட்டிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் நாம், உலகிலேயே அதிகமாக ஆணுறை தயாரிக்கும் கேரெக்ஸ் நிறுவனமும் ஜொகூரில் வளர்ந்ததுதான். அந்த ரப்பர் பாலில் செய்த பொருளை மருந்துக் கடையில் கேட்டு வாங்கக் கூச்சம் வேண்டாம். தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய், வாசலின் எதையும் அதன்மேல் தடவக் கூடாது. எண்ணெய் பட்டால் ரப்பர் சீக்கிரமே வலுவிழந்து கிழியும். நீர் கலந்த வழுவழுப்புக் களிம்பு தனியாக விற்கிறது, அதுதான் சரி. ஆணுறை மூடாத இடத்தில் புண் இருந்தால் சிபிலிசும் பிறப்புறுப்பில் வரும் அக்கியும் (ஹெர்பிஸ்) தொற்றலாம் என்பதால், ஆணுறை போட்டாலும் பரிசோதனைக்குப் போக வேண்டும். அறிகுறி இல்லை என்று இருந்துவிட வேண்டாம்.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். எச்ஐவி பரிசோதனையைப் பெயர் சொல்லாமலும் செய்துகொள்ளலாம். 2023 முதல் குறிப்பிட்ட சில அரசாங்க கிளினிக்குகளில் பிரெப் என்ற, முன்கூட்டியே சாப்பிடும் எச்ஐவி தடுப்பு மாத்திரையும் தருகிறார்கள், அது தமக்குப் பொருந்துமா என்று கேட்கட்டும். பதிவு முகப்பில் காரணம் கேட்டால் "டாக்டரிடம் சொல்கிறேன்" என்றால் போதும். எதற்கு வந்தாய் என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்கிற ஊழியர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். அப்படி யாராவது கேட்டால் தலைமை மிஸ்ஸியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. ஆணுறை இல்லாமலோ அது கிழிந்தோ போயிருந்தால், 72 மணி நேரத்துக்குள் எச்ஐவி தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறாரோ அவ்வளவு நல்லது. வார இறுதியில் நடந்திருந்தால் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். அவ்வளவு அவசரம் இல்லாத வழக்கமான பரிசோதனை என்றால் திங்கட்கிழமையைத் தவிர்த்து வேறு நாளில், காலையில் சீக்கிரமே போய் எண் எடுத்துக்கொள்ளட்டும்.