கையெழுத்து வைக்கிறதுக்கு முதல்

களுதாவளைத் தம்பி, வயசானாக்களப் பராமரிக்கிற கேர் வேலை விசாவில இங்கிலாந்து லெஸ்டருக்கு வந்து எட்டு மாசம், கடைச் சண்டை ஒண்டில பொலிஸ் கொண்டுபோனது, "கோஷன் எடுத்தா கேஸ் முடிஞ்சிது, வாற கிழமை வா" எண்டு சொன்னாங்க எண்டு எழுதியிருக்கீங்க. கோஷன் எண்டா கோர்ட்டுக்குப் போகாம பொலிஸே பதிஞ்சு குடுக்கிற எச்சரிக்கை. அத எடுத்தா வோட்டுப் போகுமா, லண்டன்ல வாடகை எப்பிடி எண்டும் கேட்டிருக்கீங்க. வாடகைய லண்டன்ல இரிக்கிறாக்கள்ட்டயே கேளுங்க.

வோட்டு போகாது. நாம கொமன்வெல்த் ஆக்கள், விசா இரிந்தா பிரஜாவுரிமை இல்லாமலே பதிஞ்சு போடலாம். இங்கத்த 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, தீர்ப்பாகி மறியல்ல (சிறையில) இரிக்கிறாக்களுக்குத்தான் தடை. வெளிய வந்தா போடலாம். ஊர்ல, இலங்கையிலதான், பெரிய குற்றத்துக்கு ஆறு மாசமோ கூடவோ மறியல் இரிந்தவருக்கு வந்த பிறகும் 7 வருஷம் வோட்டில்ல.

எனக்குப் பயம் உங்கட வேலைய நினைச்சுத்தான் மனே. கோஷன் எண்டா குற்றத்த ஒத்துக்கொண்டதெண்டு பதிவாகும். கேர் வேலைக்கு எடுக்கிற டீ.பி.எஸ். எண்ட குற்றப் பதிவுச் சோதனையில அது 6 வருஷம் தெரியும், சில குற்றமெண்டா காலத்துக்கும் தெரியும். வேலை போனா விசா என்னாகும்? "விசா ஃபோர்ம்ல போடாம விடு" எண்டு நம்மட ஆக்களே சொல்லுவாங்க. கேக்காதீங்க. மறைச்சது பிடிபட்டா, செஞ்சதவிடப் பெரிய குற்றமாப் போகும். இப்பிடிப் புத்தி சொல்லிக் குடும்பங்களக் கெடுத்தாக்கள எனக்குத் தெரியும்.

1998ல நான் வேலை செஞ்ச கடையில கல்லாக் காசு குறைஞ்சிது. நான் எடுக்கல்ல. பொலிஸ் நீட்டின கடுதாசிய வாசிக்கத் தெரியாம கையெழுத்து வச்சிட்டு வீட்ட வந்தன். மறுகா 2003ல வயசானாக்கள் இல்லமொண்டில வேலை சரிவந்து, சோதனையில அந்தக் களவு கோஷன் வந்து நிண்டது. வேலையில்லண்டுட்டாங்க. நாலு வருஷம் ஒபிஸ் கூட்டித்தான் புள்ளைகளப் படிப்பிச்சன்.

பொலிஸ் நிலையத்தில சட்டத்தரணியும் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இலவசம். கேட்டா தரத்தான் வேணும். அவங்க வந்து பேசாம ஒண்டிலயும் கையெழுத்து வைக்காதீங்க.

அண்டைக்கு நான் ஏன் கேக்கல்ல? 1990ல ஆரையம்பதியில சுற்றிவளைப்புக்குள்ள வளந்த புள்ள நான். அண்ணன் சிங்களத்தில எழுதின கடுதாசியில கையெழுத்து வச்சிட்டுத்தான் காம்ப்ல இருந்து வந்தவர். கேற்றடியில காலையில இருந்து நிண்ட அம்மா, என்ன எழுதியிருந்ததெண்டு கேக்கவேயில்ல. அவர்ட கையப் பிடிச்சுக்கொண்டு விறுவிறெண்டு வீட்ட நடந்தவ.