மூளையே இல்லாத நட்சத்திர மீனுக்கு இனப்பெருக்க ஹார்மோன் உண்டா? அது நம்முடைய ஹார்மோன்களுக்கு உறவா?

உண்டு. உறவும் இருக்கிறது, ஆனால் பலரும் தேடும் இடத்தில் இல்லை. ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரான் என்று பெயர்களைப் பிடித்துக்கொண்டு போனால் நட்சத்திர மீன் பிடிபடாது. உத்தரவு எங்கே தொடங்கி யார் கைமாறி முட்டைக்குப் போய்ச் சேருகிறது என்று பாருங்கள். உறவு அங்கேதான் தெரியும்.

நான் கெண்டை மீன் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை பார்ப்பவன், அதனால் மீனிலிருந்தே சொல்கிறேன். குளத்தில் வளரும் கட்லாவும் ரோகுவும் சினை பிடிக்கும், ஆனால் தாமாக முட்டையிடாது. 1957இல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி, மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை அரைத்து அந்தச் சாற்றை ஊசியாகப் போட்டு நம் கெண்டைகளை முட்டையிட வைத்தார். இன்று நாடு முழுக்க நடக்கும் கெண்டைக் குஞ்சு உற்பத்திக்கு அதுதான் அடித்தளம்.

இரண்டே வருடம் கழித்து, 1959இல், அமெரிக்காவில் சேட், மெக்கனாஹி என்ற இருவர் கிட்டத்தட்ட இதே வேலையை நட்சத்திர மீனில் செய்தார்கள். அதற்கு மூளையும் இல்லை, பிட்யூட்டரியும் இல்லை. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம், அதிலிருந்து ஒவ்வொரு கைக்கும் ஓடும் ஒரு நரம்பு, அவ்வளவுதான். அந்தக் கை நரம்பின் சாற்றை இன்னொரு நட்சத்திர மீனின் உடலுக்குள் செலுத்தியதும் அது முட்டையைக் கொட்டிவிட்டது. பிட்யூட்டரி செய்கிற வேலையை இங்கே நரம்பே செய்கிறது.

அடுத்து ஜப்பானில் கனதானி ஹருவோ கண்டது எனக்கு இன்னும் பிடித்தது. நரம்பிலிருந்து வரும் பொருள் முட்டையை நேரடியாகத் தொடுவதில்லை. முட்டையைச் சுற்றியுள்ள ஃபாலிக்கிள் செல்களைத் தூண்டுகிறது. அவை இரண்டாவதாக ஒரு பொருளைச் சுரக்கின்றன. அதுதான் முட்டையைப் பழுக்க வைக்கிறது. அந்த இரண்டாம் பொருள் 1-மெத்தில் அடினைன் என்று 1969இல் தெரியவந்தது. ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரான் மாதிரி ஸ்டீராய்டே அல்ல! டிஎன்ஏவில் இருக்கும் அடினைனோடு ஒரு மெத்தில் சேர்ந்த சின்ன மூலக்கூறு. கண்ணாடிக் கிண்ணத்தில் கடல் நீரில் கிடக்கும் முதிராத முட்டைமேல் இதைச் சொட்டினால், பெரிதாகத் தெரிந்த உட்கரு சுமார் அரை மணி நேரத்தில் கரைந்து மறைந்துவிடும். முட்டை கருவுறத் தயார்.

மீனிலும் இதே வரிசைதான். பிட்யூட்டரி ஃபாலிக்கிளைத் தூண்டும், ஃபாலிக்கிள் புரோஜெஸ்டிரான் வகை ஸ்டீராய்டைச் சுரக்கும், அது முட்டையின் மேற்பரப்பில் வேலை செய்யும். நடுவில் இருக்கும் மூலக்கூறு வேறு, அமைப்பு ஒன்று. முட்டைக்குள் போனால் அந்த வேறுபாடும் மறைந்துவிடுகிறது. பழுக்க வைக்கும் உட்காரணியைத் தவளை முட்டையிலிருந்து எடுத்து நட்சத்திர மீன் முட்டைக்குள் செலுத்தினாலும் அது பழுக்கிறது.

சரி, நரம்பிலிருந்து வரும் அந்த முதல் ஹார்மோன் எது? ஐம்பது வருடம் பிடிகொடுக்கவில்லை. 2009இல்தான் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைச் சுத்தமாகப் பிரித்தார்கள். அது ரிலாக்சின் குடும்பத்துப் புரதம்! ரிலாக்சின் 1926இல் கினிப்பன்றியில் கண்டறியப்பட்டது. பிரசவத்துக்கு முன் இடுப்பெலும்பின் இணைப்பைத் தளர்த்துவது. இன்சுலினுக்கும் தூரத்துச் சொந்தம். நம் உடலில் எல்ஹெச் (முட்டையைப் பழுக்க வைத்து வெளியேற்ற பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன்) செய்யும் வேலையை அங்கே ரிலாக்சினின் உறவுக்காரன் செய்கிறான். எலியிலும் எல்ஹெச் வந்ததும் சினைப்பை இதே குடும்பத்து ஹார்மோன் ஒன்றைச் சுரந்து முட்டையின் பகுப்பைத் தொடங்க உதவுகிறது. பழைய வேலைக்காரன் இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை என்றே நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

எல்ஹெச், அதோடு பிட்யூட்டரி சுரக்கும் இன்னொரு இனப்பெருக்க ஹார்மோனான எஃப்எஸ்ஹெச், இரண்டும் முதுகெலும்பிகளோடு வந்தவை. முதுகெலும்பிகளுக்கு உறவான, மீன் போன்ற சிறு கடல் உயிரான ஆம்பியாக்ஸஸில்கூட அவை இல்லை, அந்தக் குடும்பத்தில் தைரோஸ்டிமுலின் மட்டும் உண்டு. ஆனால் மூளையிலிருந்து பிட்யூட்டரிக்கு உத்தரவு தரும் ஜிஎன்ஆர்ஹெச் மிகப் பழையது. முதுகெலும்பிகளுக்கு மிக நெருங்கிய உறவான சியோனா என்ற கடற்பீச்சிக்கு பிட்யூட்டரி கிடையாது. அதற்கு ஜிஎன்ஆர்ஹெச் ஊசி போட்டால் முட்டையும் விந்தும் வெளியே வருகின்றன. நட்சத்திர மீனிலும் அந்தக் குடும்பத்து மூலக்கூறு இருக்கிறது.

ஸ்டீராய்டு பற்றி ஒரு எச்சரிக்கை. முட்தோலிகளின் (நட்சத்திர மீன், கடல் அட்டை வகையறா) உடலில் ஈஸ்ட்ரோஜன் அளவிடப்பட்டது என்று படித்தால், அதை அந்த உயிரே தயாரித்ததா, நீரிலிருந்தும் உணவிலிருந்தும் ஏறியதா என்று கேளுங்கள். ஆம்பியாக்ஸஸில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் (ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) நேர் உறவான புரதமே ஈஸ்ட்ரோஜனைப் பிடிப்பதில்லை. இன்னொரு ஸ்டீராய்டு ஏற்பிதான் பிடிக்கிறது. உடலில் இருப்பதாலேயே அது அங்கே ஹார்மோன் ஆகிவிடாது.

மன்னார், யாழ்ப்பாணம் பக்கம் கடல் அட்டை வளர்ப்பவர்கள் இதைப் படிக்கலாம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1988இல் அட்டைக் குஞ்சு பொரித்தபோது நீரின் வெப்பத்தை உயர்த்தித்தான் முட்டையிட வைத்தார்கள். ஜப்பானிய அட்டைக்கு இப்போது கியூபிஃப்ரின் என்ற ஐந்தே அமினோ அமிலப் பெப்டைடு இருக்கிறது. ஊசி போட்டால் தலையை உயர்த்தி ஆட்டிவிட்டு முட்டையிடுகிறது. ஆனால் கெண்டை ஊசி அனுபவத்தை இங்கே கொண்டுவராதீர்கள். சால்மனின் ஜிஎன்ஆர்ஹெச்சை ஒட்டித் தயாரித்த மருந்து நம் கெண்டைக்கும் கெளுத்திக்கும் கேட்கிறது. நட்சத்திர மீன்களிலோ ஒரு இனத்தின் ரிலாக்சின் பக்கத்து இனத்துக்கே வேலை செய்யாமல் போவதுண்டு.