கணக்குக்கு அஞ்சும் மகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

அன்புள்ள அம்மா,

தரம் 9இல் படிக்கும் உங்கள் மகள் இரண்டாம் தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு 31 புள்ளிகளே பெற்றதாகவும், இப்போது போகும் சனிக்கிழமை வகுப்போடு ஹட்டன் டவுனில் நடக்கும் இன்னொரு ஞாயிறு வகுப்பிலும் சேர்த்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஐந்து நாள் பாடசாலையிலும் ஆறாம் நாள் வகுப்பிலும் கணக்கைக் கண்டு அஞ்சுகிற பிள்ளைக்கு, ஏழாம் நாளுக்குரிய அச்சத்தையும் காசு கொடுத்து வாங்கித் தர வேண்டாம் என்பதே என் பதில். பாட ஆசிரியரைச் சந்தித்து எந்த அலகில் அவள் வழுக்கினாள் என்று மட்டும் கேட்டு வாருங்கள். பெரும்பாலும் அது பின்னமாகவோ அட்சரகணிதத்தின் தொடக்கமாகவோ இருக்கும். அதைச் சரிசெய்ய இப்போதைய வகுப்பே போதும். ஞாயிற்றுக்கிழமையை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பதற்றத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சாதாரண தரப் பரீட்சையில் தாய்மொழியும் கணிதமும் உள்ளிட்ட ஆறு பாடங்களில் சித்தி, அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தி என்பதே உயர்தரத்துக்குச் செல்வதற்கான பொதுத் தகுதி. உங்கள் மகள் தாதியாக விரும்புகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வழி பெரும்பாலும் உயர்தர விஞ்ஞானப் பிரிவினூடாகச் செல்வது, அதன் வாசலிலேயே சாதாரண தரக் கணிதம் நிற்கிறது. ஆனால் இதைச் சொல்லிச் சொல்லி அவளை மிரட்டுவதால் ஆகப்போவது எதுவும் இல்லை. அதைவிட இப்படி ஒரு கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள்: 500 மில்லிலீற்றர் சேலைன் நான்கு மணித்தியாலத்தில் ஏறி முடிய வேண்டும், ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி என்றால், நிமிடத்துக்கு எத்தனை துளி விழ வேண்டும்? ஏறத்தாழ 42 என்ற விடையை அவளே கண்டுபிடிக்கும்போது, ஆஸ்பத்திரி வாட்டில் தாதி ஏன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறார் என்பதும் அவளுக்கு விளங்கிவிடும்.

“நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பது” என்று நீங்கள் எழுதிய வரியை நான் ஏற்கவில்லை. மாதக் கடைசியில் எத்தனை பேர் (முழு நாள் சம்பளம்) விழுந்தது, எத்தனை அரைப்பேர், மேலதிகக் கிலோ கொழுந்துக்கு எவ்வளவு, சாக்குக்கும் ஈரத்துக்கும் நிறுவையில் எவ்வளவு கழித்தார்கள் என்று காகிதம் இல்லாமலே மனத்தில் வைத்திருந்து, சம்பளச் சிட்டையில் ஒரு நாள் குறைந்தால் உடனே கண்டுபிடிக்கிற, உங்களைப் போலக் கொழுந்து பறிக்கும் பெண்களை நான் மலையகம் முழுவதும் பார்த்திருக்கிறேன். இது கணக்குத்தான். பாடப் புத்தகத்தில் இல்லாததால் நீங்களும் அதைக் கணக்கென்று நினைப்பதில்லை, உங்கள் மகளும் நினைப்பதில்லை.

அந்தக் கொழுந்திலிருந்தே தொடங்குங்கள். பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு 78 பங்கு தண்ணீர் என்றும், தயாரித்த தேயிலையில் நூற்றுக்கு 3 பங்கு ஈரமே மிஞ்சும் என்றும் வைத்துக்கொண்டு, 100 கிலோ கொழுந்தில் எத்தனை கிலோ தேயிலை கிடைக்கும் என்று கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் 78இலிருந்து 3ஐக் கழித்து, 75 கிலோ தண்ணீர் போய் 25 கிலோ மிஞ்சும் என்பார்கள். நான் கேட்ட பெரியவர்களிலும் பலர் அதையே சொன்னார்கள். அந்த இரண்டு வீதங்களும் வெவ்வேறு நிறைகளுக்குரியவை என்பதைக் கவனிக்காததுதான் பிழை. தண்ணீர் அல்லாத 22 கிலோ எங்கேயும் போகாது; தயாரித்த தேயிலையில் அந்த 22 கிலோதான் நூற்றுக்கு 97 பங்கு; ஆகவே மொத்தம் 22.7 கிலோ அளவில் வரும். அதாவது ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து. தொழிற்சாலையில் வேலை செய்யும் உறவினர் யாராவது இருந்தால், அங்கே உண்மையில் எவ்வளவு செல்கிறது என்று அவளையே கேட்டு வரச் சொல்லுங்கள். சற்றுக் கூடுதலாகச் சொன்னால், அந்த வித்தியாசம் தண்டாகவும் தூசாகவும் கழிந்ததா என்று விசாரிப்பது அவளுடைய அடுத்த வேலை. விடை சரியா பிழையா என்பதற்கு மேல் ஒரு கேள்வி இருக்கிறது என்பதை அவள் பாடசாலையில் அரிதாகவே கண்டிருப்பாள்.

அடுத்த சம்பளச் சிட்டையையும் அவள் கையில் கொடுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8, நிர்வாகத்திடமிருந்து 12, ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நிர்வாகத்திடமிருந்து 3 என்ற கணக்கு சரியாக இருக்கிறதா என்று அவள் பார்க்கட்டும். இதில் உங்களுக்கும் ஆதாயம் உண்டு.

எல்லாவற்றையும் வாழ்க்கைக்குப் பயன்படும் கணக்காகவே வைத்திருந்தாலும் பிள்ளைக்குச் சலித்துவிடும். பயனே இல்லாத கணக்கில்தான் அதன் ருசி முழுவதும் இருக்கிறது என்பது என் சொந்த அபிப்பிராயம். இராச் சாப்பாட்டுக்குப் பிறகு 21 கற்களைத் தரையில் வையுங்கள். மொச்சைக் கொட்டையும் போதும். இருவர் மாறி மாறி ஒன்றோ இரண்டோ மூன்றோ எடுக்க வேண்டும், கடைசிக் கல்லை எடுப்பவர் வென்றவர். ஒரு தோட்டப் பாடசாலையில் நாலாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், நான் அசந்திருந்த ஒரு தடவையில், எதிரே நான்கு கற்களை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் எத்தனை எடுத்தாலும் மீதியை அவன் எடுத்துவிடுவான்! நான்கிலிருந்து எட்டுக்கும், எட்டிலிருந்து பன்னிரண்டுக்கும் அவன் எப்போது பின்னோக்கிப் போனான் என்று எனக்குத் தெரியாது, யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. உங்கள் மகளுக்கும் அந்த இரகசியத்தைச் சொல்லிவிடாதீர்கள். தோற்றுத் தோற்று அவளே பிடிக்கட்டும், ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

பதுளைப் பக்கம் உறவினர் வீட்டுக்கு ரயிலில் போக நேர்ந்தால், நிலையப் பலகைகளில் எழுதியிருக்கும் உயரங்களை அவள் குறித்துக்கொண்டு வரட்டும். பட்டிப்பொல 1,898 மீற்றர், இலங்கையின் ஆக உயரமான ரயில் நிலையம். 1,000 மீற்றருக்கு ஆறரைப் பாகை அளவில் குளிர்கிறது என்று வைத்தால், கடற்கரையைவிட அங்கே எவ்வளவு குளிரும் என்று கணிக்கலாம். மலைப் பாதையின் கடுமையான ஏற்றம் 44 அடிக்கு ஓர் அடிதான். ஆகவே 100 அடி ஏற 4,400 அடித் தண்டவாளம் வேண்டும், அது மைலில் ஆறில் ஐந்து பங்கு. அவ்வளவு நீளத்துக்கு நேரே இடமில்லாத தெமோதரையில் பாதையை ஒரு சுற்றுச் சுற்றி, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கமாகக் கொண்டுபோனார்கள். சன்னலோரம் இருந்து அதைப் பார்த்த பிள்ளைக்குப் படித்திறன் (சரிவின் அளவு) என்ற சொல் அந்நியமாக இருக்காது.

சில எச்சரிக்கைகள் மட்டும். விருந்தாளிகள் முன்னால் அவளைக் கணக்குக் கேட்டுச் சோதிக்க வேண்டாம். “நம்ம குடும்பத்துக்கே கணக்கு வராது” என்று வேடிக்கைக்காகவும் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் அதைப் பிறப்புச் சான்றிதழ் போலப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். பிழையாகச் சொன்னால் திருத்த அவசரப்படாமல், “எப்படிம்மா யோசிச்ச?” என்று கேளுங்கள். உங்களுக்கே விடை தெரியாவிட்டால் அதையும் சொல்லிவிடுங்கள். அம்மாவும் மகளும் சேர்ந்து திணறுவது, டியூஷன் வகுப்பில் எத்தனை ரூபாய் கொடுத்தாலும் கிடைக்காதது. அவளுடைய அப்பா கெரம் ஆடுபவர் என்றால், காய் பட்டையில் பட்டுத் திரும்பும் கோணத்தை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

மூன்றாம் தவணைப் பெறுபேறு வந்ததும் மீண்டும் எழுதுங்கள். 21 கல் விளையாட்டில் அவள் உங்களைத் தோற்கடிக்கத் தொடங்கிய பிறகு, இந்தக் கேள்வியை என் பெயரால் கொடுங்கள்: அதே 21 கற்கள், ஆனால் ஒரு முறைக்கு ஒன்றோ மூன்றோ நான்கோ மட்டும் எடுக்கலாம், இரண்டு எடுக்கக் கூடாது, முதலில் ஆடுபவர் வெல்வாரா, இரண்டாவதாக ஆடுபவர் வெல்வாரா? விடையையும் அதற்கான காரணத்தையும் அவளே தன் கைப்பட எழுதி அனுப்பட்டும்.