ஒற்றைக் கோட்டில் பனிக்கட்டி

அன்புள்ள ஐயா,

வட ஐரோப்பாவின் நார்ஸ் மக்கள் எழுதிய பழைய ரூன் எழுத்துகளில் ஒன்றான ‘ஈசா’வை அக்ரிலிக்கில் வரைந்திருக்கிறேன், புகைப்படம் இணைத்துள்ளேன். பின்னால் பனிமலை, ஓரத்தில் ஓநாய், நடுவில் வெள்ளையாக ஒரு கோடு. அமைதி, பொறுமை என்பதே இதன் பொருள் என்று படித்தேன். என் மகனோ, “எதற்கம்மா ‘1’ போட்டிருக்கிறாய்?” என்கிறான். படத்தில் அமைதி வரவில்லையோ?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மகன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான். ஒரே இழுப்பில் மரத்தில் கீறிவிடக்கூடிய செங்குத்துக் கோடுதான் அந்த எழுத்து. பெயரைக் கேட்டு ஈசனிடம் போய்விட வேண்டாம்; பழைய நார்ஸ் மொழியில் ‘ஈஸ்’ என்றால் பனிக்கட்டி.

அமைதியும் பொறுமையும், ரூன்களை வைத்துக் குறிசொல்லும் 20ஆம் நூற்றாண்டுப் புத்தகங்கள் ஏற்றிவைத்தவை. ஒவ்வொரு ரூனுக்கும் பொருள் சொல்லும் பழைய ரூன் கவிதைகளின் பேச்சே வேறு. ‘பனிக்கட்டியை அகன்ற பாலம் என்கிறோம், குருடனைக் கூட்டிப்போக வேண்டும்’ என்கிறது நார்வேக் கவிதை. ஐஸ்லாந்துக் கவிதை இன்னும் கறார்: ஆற்றின் மேல் பட்டை, அலையின் கூரை, சாவு குறிக்கப்பட்டவர்களுக்குக் கேடு.

உறைந்த ஏரி அந்த மக்களுக்குக் குளிர்காலச் சாலை. விலங்கெலும்பில் செய்த சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டி, கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். சுவீடனின் பிர்காவில் அந்த எலும்புகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. காலடியில் பனி எவ்வளவு கனம் என்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது. கவிதையின் குருடன், கண் நன்றாகத் தெரிகிறவனும்தான் என்று நான் வாசிக்கிறேன்.

வண்ணமும் ரூனுக்குப் புதிதல்ல. செதுக்கத் தெரியுமா, படிக்கத் தெரியுமா என்று கேட்கும் ‘ஹாவமால்’ என்ற பழைய நார்ஸ் பாடல், அடுத்ததாகத் தீட்டத் தெரியுமா என்கிறது. சுவீடனில் ஓவர்செலோ தேவாலயத்திலுள்ள கல்வெட்டு, ‘ரூன்களால் சிவந்த கற்கள்’ என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறது.

முதலில் ஓநாயை எடுத்துவிடுங்கள். வடதேசம் என்றாலே ஓநாய் வந்தாக வேண்டுமா என்ன? பிறகு, கோட்டின் அடிப்பகுதியில் வலப்பக்கம் பாருங்கள். கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளை சரியாக ஏறாமல், அடியில் பூசிய கருநீலம் தெரிகிறது. உங்கள் படத்தில் அந்த ஓரிடம்தான் பனிக்கட்டி, மற்றதெல்லாம் சுண்ணாம்பு. கோடு முழுவதையும் அப்படி நீர்த்த வெள்ளையில் போட்டுப் பாருங்கள். அந்த மூலையை மட்டும் இன்னொரு பூச்சு பூசி மூடிவிடாதீர்கள்.