டேட்டாபேஸ் பாடத்தில் வரும் நார்மலைசேஷன் என்பது என்ன, எதற்கு?

ஒரு தகவல் ஒரே இடத்தில் மட்டும் இருக்கும்படி அட்டவணைகளைப் பிரிப்பதே நார்மலைசேஷன். 1970-இல் கணினி அறிஞர் எட்கர் காட் முன்வைத்த, தகவல்களை ஒன்றோடொன்று தொடர்புள்ள அட்டவணைகளாக வைக்கும் ரிலேஷனல் மாடலிலிருந்து வந்தது.

கொழிஞ்சாம்பாறை தேங்காய் வியாபாரி ஒருவர், பொள்ளாச்சிக்கு அனுப்பும் ஒவ்வொரு லோடுக்கும் கடைப்பெயர், முகவரி, போன் எண் எல்லாவற்றையும் நோட்டில் திரும்பத் திரும்ப எழுதுகிறார் என்று வையுங்கள். எண் மாறினால் எல்லா வரியையும் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனால் எது சரியென்று தெரியாது. ஒரே ஒரு லோடு மட்டும் எடுத்த கடையின் வரியை அடித்தால் முகவரியும் போய்விடும். இன்னும் லோடு எடுக்காத புதுக் கடையை எழுத இடமே இல்லை. இந்த மூன்று கோளாறுகளையும் புரிந்துகொள்ளாமல் நார்மலைசேஷன் விதிகளை மனப்பாடம் செய்வது வீண்.

தீர்வு இதுதான்: கடைகளுக்குத் தனி அட்டவணை, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண். லோடு அட்டவணையில் அந்த எண் மட்டும். அன்றைய விலை மட்டும் லோடுடனேயே இருக்கட்டும், அது அந்த லோடுக்கே உரியது.

இது வேகத்துக்காகச் செய்வதல்ல. பிரித்த அட்டவணைகளைச் சேர்த்துப் படிக்கும்போது அறிக்கை சற்று மெதுவாகவும் வரலாம்.