கார் முகப்புக் கண்ணாடியும் மாநிலச் சட்டங்களும்: கேள்வி பதில்

அமெரிக்காவில் வாழும் நம்மவர்கள் கார் கண்ணாடிக் காப்பீடு பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு, ஃப்ளோரிடாவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கிளைம் (இழப்பீடு கோரும் மனுக்கள்) பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

டாம்பா வாசகர்: நெடுஞ்சாலையில் லாரியிலிருந்து கல் தெறித்து முகப்புக் கண்ணாடியில் விரிசல் விட்டது. என் டிடக்டிபிள் (சேதச் செலவில் நாமே கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு) 1,000 டாலர். ஃப்ளோரிடாவில் அதைக் கட்ட வேண்டாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். மாநிலச் சட்டத் தொகுப்பின் 627.7288 என்ற பிரிவு அதைச் சொல்கிறது. பாலிசியில் காம்ப்ரிஹென்சிவ் பகுதி (திருட்டு, கல் தெறிப்பு, விலங்கு மோதுவது போன்றவற்றால் நம் காருக்கு வரும் சேதத்துக்கான காப்பீடு) இருந்தால், முகப்புக் கண்ணாடிச் சேதத்துக்கு டிடக்டிபிள் பொருந்தாது. உங்களுக்கு அந்தப் பகுதி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. பதிவுக்கு ஃப்ளோரிடா கட்டாயமாகக் கேட்பது இரண்டைத்தான்: 10,000 டாலர் தனிநபர் காயக் காப்பீடு, 10,000 டாலர் பிறர் சொத்துச் சேதக் காப்பீடு. இவை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்தப் பிரிவால் பயன் இல்லை. பாலிசியின் முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். காம்ப்ரிஹென்சிவ் என்ற வரிக்கு எதிரே பிரீமியத் தொகை இருந்தால் நீங்கள் தப்பித்தீர்கள்.

ஜாக்சன்வில் வாசகி: திருடன் பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டான். அதற்கும் டிடக்டிபிள் இல்லைதானே?

இருக்கிறது, சகோதரி. ஃப்ளோரிடா சட்டம் முகப்புக் கண்ணாடியோடு நின்றுவிடுகிறது. பக்கக் கண்ணாடி, பின் கண்ணாடி, கூரைக் கண்ணாடி எல்லாமே வழக்கமான டிடக்டிபிளுக்கு உட்பட்டவை.

அட்லாண்டா வாசகர்: ஆர்லாண்டோவுக்குச் சுற்றுலா போனபோது கண்ணாடி உடைந்தது. உடைந்தது ஃப்ளோரிடாவில் என்பதால் அந்தச் சட்டம் எனக்கும் பொருந்துமா?

பொருந்தாது. ஃப்ளோரிடாவில் வழங்கப்பட்ட பாலிசிகளைத்தான் அந்தச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. உங்கள் பாலிசி ஜார்ஜியாவில் எடுத்தது. காப்பீட்டை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை 1945-இல் வந்த மெக்காரன்–ஃபெர்குசன் சட்டம் மாநிலங்களிடம் விட்டுவிட்டது. அதனால்தான் எல்லைக்கோட்டைத் தாண்டினால் விதி மாறுகிறது.

டாலஸ் வாசகர்: டெக்சாஸில் எப்படி?

அப்படியொரு கட்டாயம் அங்கே இல்லை. கல் பட்டுக் கண்ணாடியில் விழுந்த சிறு பள்ளத்தை அடைத்துக்கொடுக்கும் வேலைக்குப் பல நிறுவனங்கள் தாமாகவே டிடக்டிபிளை விட்டுக்கொடுக்கின்றன. முழுக் கண்ணாடியையும் மாற்ற வேண்டுமானால் உங்கள் பாலிசி சொல்வதுதான் முடிவு.

ஆர்லாண்டோ வாசகர்: நான் இதுவரை கண்ணாடியே மாற்றியதில்லை. ஊரார் கண்ணாடிக்கு என் பிரீமியம் ஏன் ஏற வேண்டும்? மோசடியை வளர்த்த இந்தச் சட்டத்தையே நீக்க வேண்டும்.

உங்கள் கோபத்தின் பாதியை ஏற்கிறேன். கார் கழுவும் இடங்களிலும் கடைவாசல்களிலும் ஆட்கள் நின்று, கண்ணாடி மாற்றினால் பரிசு அட்டை தருகிறோம் என்று காரோட்டிகளை மடக்கிய காலம் ஒன்று இருந்தது. காரோட்டி ஒரு தாளில் கையெழுத்திடுவார். அதோடு கிளைம் உரிமை முழுவதும் கடைக்குப் போய்விடும். கடை பெரிய பில் அனுப்பும், நிறுவனம் குறைத்துக் கொடுக்கும், கடை வழக்குப் போடும். வழக்கில் கடை வென்றால் வழக்கறிஞர் கட்டணத்தை நிறுவனமே கட்ட வேண்டும் என்று அன்றைய சட்டம் சொன்னது. நிறுவனம் வென்றால் அதற்கு அப்படி எதுவும் கிடையாது. சில நூறு டாலர் தகராறுகள் ஆயிரக்கணக்கில் நீதிமன்றம் ஏறியதற்கு இதுதான் காரணம்.

மோசடிக்கு வழிவிட்டவை மூன்று: பரிசு, உரிமை மாற்றும் கையெழுத்து, ஒருபக்கக் கட்டண விதி. மூன்றும் 2023-இல் அடைக்கப்பட்டன. மார்ச்சில் கட்டண விதி போயிற்று. மே மாதம் கையெழுத்தான சட்டம், கண்ணாடி கிளைமுக்காகக் கடைகள் பரிசோ பணமோ தருவதையும், புதிய பாலிசிகளில் உரிமையைக் கடைக்கு மாற்றி எழுதுவதையும் தடை செய்தது. டிடக்டிபிள் விலக்கைச் சட்டமன்றம் தொடவில்லை. சரியாகத்தான் செய்தார்கள்.

ஃபீனிக்ஸ் வாசகர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் அரிசோனா முறையே மேல். கண்ணாடிக்கு டிடக்டிபிள் இல்லாத பாதுகாப்பை நிறுவனம் விற்றாக வேண்டும். வேண்டியவர் வாங்கிக்கொள்ளலாம்.

விருப்பத் தேர்வு நேர்மையான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் மோசடியை அது தடுத்ததா? பணம் தருகிறோம், பரிசு தருகிறோம் என்று கூவும் கண்ணாடிக் கடைகள் உங்கள் ஊரிலும் இருந்துவந்திருக்கின்றன. இன்னொன்று, முகப்புக் கண்ணாடி வெறும் காற்றுத் தடுப்பு அல்ல. கார் உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்குப் பங்கு உண்டு. பல கார்களில் முன்பயணியின் காற்றுப்பை விரியும்போது அந்தக் கண்ணாடியில்தான் முட்டி நிற்கிறது. கையில் 1,000 டாலர் இல்லாதவர் விரிசலோடு ஓட்டிக்கொண்டே இருப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தை எந்தத் தேர்வையும் செய்யவில்லை. அதனால் நான் கட்டாய விலக்கின் பக்கம்தான் நிற்கிறேன்.

ஃபீனிக்ஸ் வாசகர்: அப்படியானால் பக்கக் கண்ணாடிக்கு ஏன் விலக்கு இல்லை? அதுவும் பாதுகாப்புதானே?

நல்ல அடி. ஃப்ளோரிடாவின் குறை அதுதான். கென்டக்கி சட்டம் முகப்பு, கதவு, ஜன்னல் கண்ணாடிகளோடு விளக்குகளின் கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும்கூடச் சேர்த்துக்கொள்கிறது. தென் கரோலினாவும் கார் பாதுகாப்புக் கண்ணாடிக்கு டிடக்டிபிள் கூடாது என்கிறது. ஃப்ளோரிடா அந்த வழியில் விரிய வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். காம்ப்ரிஹென்சிவ் வாங்க முடியாத ஏழைக்கு இவற்றில் எதுவுமே உதவாது என்பதும் உண்மை. அதற்கு வேறு சட்டம் தேவை.

மயாமி வாசகர்: ஃப்ளோரிடாவில் கண்ணாடி இலவசம் என்றார்கள். எனக்கும் உண்டா?

முதல் பதிலைப் படியுங்கள்.

நேப்பிள்ஸ் வாசகர்: எனக்கும் அதே சந்தேகம். டிடக்டிபிள் 500 டாலர்.

தொகை எதுவானாலும் பதில் ஒன்றே. பாலிசியின் முதல் பக்கத்தைப் பாருங்கள். கேட்பதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள் என்று எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன்.

கெய்ன்ஸ்வில் வாசகி: கண்ணாடி மாற்றியபின் கார் தடம் விலகும்போது எச்சரிப்பதே இல்லை. கடைக்காரர் நாளடைவில் சரியாகிவிடும் என்கிறார்.

தானாகச் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள், அம்மா. அந்த எச்சரிக்கைக்கான கேமரா கண்ணாடியின் பின்புறம் பொருத்தப்பட்டிருக்கிறது. கண்ணாடி மாறினால் பல கார்களில் கேமராவை மறுபடி அளந்து நேர்செய்ய வேண்டும். கோணம் சிறிது பிசகினாலும் முன்னால் போகும் கார் எங்கே இருக்கிறது என்பதைக் கணினி தவறாகக் கணிக்கும், தானியங்கி பிரேக்கும் குழம்பும். அந்த நேர்செய்தல் தேவையா என்பதைக் கடை எழுத்தில் சொல்ல வேண்டும் என்பதும் 2023 சட்டத்தில் இருக்கிறது. அந்தத் தாளைக் கேளுங்கள். தராவிட்டால் உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லிவிட்டு, கார் நிறுவனத்தின் சேவை மையத்துக்குக் கொண்டுபோங்கள். அதுவரை தானியங்கி வசதிகளை நம்பி நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.

சரசோட்டா வாசகர்: வீட்டு வாசலுக்கே வந்து மாற்றித் தருகிறார்கள். கையடக்கக் கணினியில் கையெழுத்து கேட்கிறார்கள். போடலாமா?

வாசலில் வந்து மாற்றுவதில் தவறில்லை. ஆனால் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுதும் படிக்காமல் விரலை வைக்காதீர்கள். முதலில் நீங்களே உங்கள் நிறுவனத்தை அழைத்துக் கிளைம் எண் வாங்குங்கள். உங்களுக்காக நாங்களே அழைக்கிறோம் என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

லெக்சிங்டன் வாசகர்: மான் மோதி முகவிளக்கு உடைந்தது. கென்டக்கி பாலிசி, காம்ப்ரிஹென்சிவ் உண்டு.

விளக்கின் கண்ணாடிக்கு டிடக்டிபிள் இல்லை. முன்தகடும் நசுங்கியிருந்தால் அதற்கு உண்டு. மதிப்பீட்டாளரிடம் இரண்டையும் பில்லில் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்.