பழைய கைது, பழைய டிக்கெட்: குடியுரிமை விண்ணப்பத்தில் எதை எழுத வேண்டும்?

கேள்வி: டெக்சஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில் வசிக்கிறேன். கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் முடியப்போகிறது. 2013இல் மாணவனாக இருந்தபோது 120 டாலர் பொருளுக்காக ஷாப்லிஃப்டிங் வழக்கில் கைதானேன். வழக்கு தள்ளுபடியாகி, பிறகு நீதிமன்ற உத்தரவால் பதிவு எக்ஸ்பஞ்ச் ஆகிவிட்டது (அதாவது அழிக்கப்பட்டுவிட்டது). இனி யார் கேட்டாலும் கைதே இல்லை என்று சொல்லலாம் என்றார் அப்போதைய வக்கீல். ஸ்பீடிங் டிக்கெட் மூன்று. அதில் ஒன்று டிஃபென்சிவ் டிரைவிங் வகுப்பு முடித்துத் தள்ளுபடி. சென்னையில் கல்லூரிக் காலத்தில் ஒரு மறியலில் பிடித்து, சாயங்காலம் வரை கல்யாண மண்டபத்தில் வைத்துவிட்டு அனுப்பினார்கள். இவற்றில் எதை எழுத வேண்டும்?

பதில்: எல்லாவற்றையும் எழுதுங்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு காகிதம் தேவையில்லை.

குடியுரிமை விண்ணப்பமான என்-400 படிவத்தின் ஒன்பதாம் பகுதியில் 15ஆம் கேள்வியை நிதானமாகப் படியுங்கள். அமெரிக்காவிலோ வேறு எங்குமோ, எந்தக் காரணத்துக்காகவாவது, எந்தக் காவல் அதிகாரியாலாவது நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, சைட்டேஷன் (காவலர் எழுதிக் கொடுக்கும் குற்றச் சீட்டு) கொடுக்கப்பட்டதுண்டா, தடுத்து வைக்கப்பட்டதுண்டா, குற்றம் சாட்டப்பட்டதுண்டா என்று அது கேட்கிறது. தண்டனை கிடைத்ததா என்பது அடுத்த விஷயம். பலர் குழம்புவது 'ஐந்து வருடம்' என்பதில்தான். நன்னடத்தையை எடைபோட அதிகாரி முக்கியமாகப் பார்ப்பது விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து வருடத்தை (அமெரிக்கக் குடிமகனை மணந்து அந்த வழியில் விண்ணப்பித்தால் மூன்று). கேள்விக்கு அந்த வரம்பு கிடையாது. பதினெட்டு வயதுக்கு முன் நடந்ததும் அதில் அடங்கும்.

உங்கள் வக்கீல் சொன்னது டெக்சஸ் சட்டப்படி தவறில்லை. எக்ஸ்பங்ஷன் (பதிவை அழிக்கும் உத்தரவு) கிடைத்தவர் அந்தக் கைதை மறுக்கலாம் என்று மாநிலச் சட்டமே அனுமதிக்கிறது. வேலை விண்ணப்பத்துக்கும் வாடகை வீட்டுக்கும் அது உதவும். குடியேற்றம் மத்திய அரசின் சட்டம். பதிவு சீல் செய்யப்பட்டிருந்தாலும், அழிக்கப்பட்டிருந்தாலும், நீதிபதியோ வக்கீலோ 'உங்களுக்குப் பதிவே இல்லை' என்று சொல்லியிருந்தாலும் 'ஆம்' என்றுதான் பதில் தர வேண்டும் என்று படிவமே எச்சரிக்கிறது. கைதான அன்று எடுத்த கைரேகை எஃப்.பி.ஐ.யிடமும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கணினிகளிலும் தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். விண்ணப்பத்துக்காகப் பயோமெட்ரிக்ஸ் (கைரேகை, படம்) கொடுத்ததும் அது அதிகாரியின் திரைக்கு வந்துவிடும்.

'இல்லை' என்று சொல்வதில்தான் உண்மையான ஆபத்து. 2013இல் நடந்த அந்த வழக்கு மட்டும் உங்கள் குடியுரிமையைத் தடுக்க வாய்ப்பு குறைவு. ஆனால் நேர்காணலில் சத்தியம் செய்துவிட்டு, குடியுரிமை கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பொய் சொன்னால், அதுவே நன்னடத்தை இல்லை என்பதற்குத் தனிக் காரணம். மறைத்த விஷயம் அற்பமானதாக இருந்தாலும் இந்த விதி பொருந்தும் என்று 1988இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பின்படி, பொய்ச் சாட்சியம் என்பது சத்தியத்தின்பேரில் வாயால் சொல்வது மட்டுமே. ஆகவே படிவத்தில் ஏற்கனவே 'இல்லை' என்று போட்டு அனுப்பிவிட்டவர்களுக்கு ஒரு வழி உண்டு. நேர்காணல் தொடங்கியதும், அந்தக் கேள்வி வருவதற்குள், 'இந்தப் பதிலைத் திருத்த வேண்டும்' என்று நீங்களே சொல்லிக் காகிதத்தை நீட்டுங்கள். அதிகாரி படிவத்தில் திருத்தி, கடைசியில் கையெழுத்து வாங்கிக்கொள்வார். அவர் கோப்பைக் காட்டிக் கேட்ட பிறகு ஒப்புக்கொள்வதை இதோடு சேர்க்க மாட்டார்கள்.

இனி அந்த ஷாப்லிஃப்டிங் வழக்கு. இதில் கொஞ்சம் ஆழமாகப் போக வேண்டும். 'தள்ளுபடி' என்ற சொல் மாநில நீதிமன்றத்தில் ஒரு பொருளும் குடியேற்றச் சட்டத்தில் வேறு பொருளும் தரலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு, டெஃபர்ட் அட்ஜுடிகேஷனில் (நீதிபதி தீர்ப்பைத் தள்ளிவைக்கும் முறை) புரொபேஷன் என்ற கண்காணிப்புக் காலத்தை முடித்து, அதன் பிறகு வழக்கு தள்ளுபடியானால், டெக்சஸ் அதைத் தண்டனையாகக் கொள்ளாது. குடியேற்றச் சட்டம் கொள்ளும். 2013இல் 120 டாலர் திருட்டு டெக்சஸில் கிளாஸ் பி மிஸ்டிமீனர் (சிறு குற்ற வகை). அந்த வகுப்பில் டெஃபர்ட் அட்ஜுடிகேஷனுக்கு எக்ஸ்பங்ஷன் கிடைக்காது, நான்-டிஸ்க்ளோஷர் உத்தரவுதான் (பதிவை அழிக்காமல் பொதுமக்களிடமிருந்து மறைப்பது) கிடைக்கும். ஆகவே உங்களிடம் இருப்பது உண்மையில் எக்ஸ்பங்ஷன் உத்தரவுதானா என்று முதலில் பாருங்கள். எக்ஸ்பங்ஷன்தான் என்றால், வழக்கு நேராகத் தள்ளுபடியாகியிருக்கும் அல்லது பிரீட்ரயல் டைவர்ஷன் (விசாரணைக்குப் போகாமல் நிபந்தனைகளை முடித்து வெளிவரும் ஒப்பந்தம்) வழியாக முடிந்திருக்கும். டைவர்ஷன் என்றால் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். அதில் குற்றத்துக்குப் போதுமான விவரங்களை நீங்கள் ஒப்புக்கொண்டு, நீதிபதியும் அந்த ஒப்பந்தத்துக்கு அனுமதி கொடுத்திருந்தால், அதுவும் தண்டனைதான் என்று குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 2017இல் ஒரு டெக்சஸ் வழக்கிலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

தண்டனை என்று ஆனாலும் கதை முடிந்துவிடாது. சிறு திருட்டு ஒன்றே ஒன்று, அதிகபட்சத் தண்டனை ஒரு வருடத்துக்கு மேல் போகாதது, விதித்தது ஆறு மாதத்துக்கு மேல் இல்லை என்றால் நன்னடத்தை விதியில் விலக்கு உண்டு. நாடுகடத்தல் விதி தனி. அமெரிக்காவுக்குள் அனுமதிக்கப்பட்ட ஐந்து வருடத்துக்குள் நடந்த குற்றத்துக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ தண்டனை விதிக்க இடமிருந்தாலே அது பாயும்; உண்மையில் ஒரு நாள்கூட உள்ளே இருந்திருக்க வேண்டியதில்லை. டெக்சஸ் கிளாஸ் பி வழக்குக்கு உச்சம் 180 நாள், எனவே நீங்கள் தப்புகிறீர்கள். அதே பொருளை வர்ஜீனியாவில் எடுத்தவருக்கு உச்சம் 12 மாதம், எனவே அவர் மாட்டிக்கொள்வார். இதனால்தான் திருட்டு, குடும்ப வன்முறை, போதைப்பொருள் ஆகிய மூன்றில் எது உங்கள் பழைய கோப்பில் இருந்தாலும், படிவத்தை அனுப்புவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டுங்கள். குற்றவியல் வக்கீலின் கருத்து போதாது.

காகிதங்களுக்கு வருவோம். குற்றச்சாட்டுப் பத்திரம், தள்ளுபடி உத்தரவு, எக்ஸ்பங்ஷன் உத்தரவு மூன்றுக்கும் நீதிமன்ற முத்திரையுள்ள சான்று நகல் வேண்டும். கிளாஸ் பி வழக்கின் கோப்பைக் கைது நடந்த கவுண்டியின் கிளார்க்கிடம் கேளுங்கள், எக்ஸ்பங்ஷன் உத்தரவை டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். எக்ஸ்பங்ஷனுக்குப் பிறகு கோப்பையே அழித்திருக்கலாம். அப்படியென்றால் 'தேடினோம், பதிவு இல்லை' என்று அலுவலகத்தின் முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கி, பழைய வக்கீலிடம் இருக்கும் நகல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். (எக்ஸ்பங்ஷனுக்கு இப்போதுதான் விண்ணப்பிக்கப்போகிறவர்கள் முதலில் சான்று நகல்களில் நான்கைந்து செட் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு போங்கள்.) கைது மட்டும் நடந்து வழக்கே பதிவாகாமல் போயிருந்தால், அதைக் கைது செய்த காவல் துறையோ நீதிமன்றமோ எழுத்தில் சொல்ல வேண்டும்.

ஸ்பீடிங் டிக்கெட் எளிது. கைது இல்லை, மது போதையோ போதைப்பொருளோ சம்பந்தம் இல்லை, அபராதம் 500 டாலருக்குக் கீழ் அல்லது லைசென்ஸில் பாயின்ட் மட்டும் என்றால் ஆவணம் இணைக்க வேண்டியதில்லை என்று என்-400 வழிகாட்டிக் குறிப்பு சொல்கிறது. ஆவணத்துக்குத்தான் அந்தச் சலுகை. கேள்வி 'சைட்டேஷன்' என்றே கேட்பதால் டிக்கெட்டையும் பட்டியலில் எழுதிவிடுவது பாதுகாப்பு. வகுப்பு முடித்துத் தள்ளுபடியான டிக்கெட்டும் சைட்டேஷன்தான். எழுத்து வடிவ எச்சரிக்கை மட்டும் என்றால் அது சைட்டேஷன் ஆகாது.

தேதி நினைவில்லை என்றால் டி.பி.எஸ். (டெக்சஸ் பொதுப் பாதுகாப்புத் துறை) தளத்தில் டிரைவிங் ரெக்கார்டு வாங்குங்கள். மூன்று வருடப் பதிவு போதாது, முழுப் பதிவைக் கேளுங்கள். தள்ளுபடியானவை அதில் விடுபடலாம். அந்தந்த ஊர் முனிசிபல் கோர்ட்டில் பெயரைப் போட்டுத் தேடுங்கள். கட்டாத அபராதம் ஏதாவது கிடந்தால் உடனே கட்டி ரசீதை வையுங்கள். பழைய டிக்கெட்டில் ஆஜராகாததற்கு வாரண்ட் நிலுவையில் இருப்பது தெரியாமலேயே நேர்காணலுக்குப் போகிறவர்கள் உண்டு.

'டிக்கெட்' என்று நாம் சொல்வதெல்லாம் டிக்கெட் அல்ல. வர்ஜீனியாவில் மணிக்கு 85 மைலைத் தாண்டினால் ரெக்லெஸ் டிரைவிங் (பொறுப்பற்று ஓட்டுதல்), அது கிளாஸ் 1 மிஸ்டிமீனர், முழுக் குற்றவியல் வழக்கு. நியூஜெர்சியில் குடித்துவிட்டு ஓட்டியது மாநிலச் சட்டப்படி போக்குவரத்து மீறல்தான். என்-400க்கு அது முழு ஆவணத்தோடு போக வேண்டும். ஐந்து வருடத்துக்குள் இரண்டு டி.யு.ஐ. (போதையில் வண்டி ஓட்டியது) தண்டனை இருந்தால் நன்னடத்தை இல்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். 2019இலிருந்து அதுதான் நிலை. போதாததற்கு, குடியுரிமை விண்ணப்பங்களைக் கையாளும் யு.எஸ்.சி.ஐ.எஸ். 2025 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டுதல், பொறுப்பற்ற அல்லது வழக்கமாகிவிட்ட போக்குவரத்து மீறல்களையும் நன்னடத்தையில் கணக்கெடுக்கச் சொல்கிறது. மூன்று டிக்கெட் பல வருடங்களில் பரவியிருந்தால் கவலை இல்லை. ஒரே வருடத்தில் நான்கைந்து வாங்கியவர்கள் சில காலம் பொறுத்து விண்ணப்பிப்பது நல்லது.

சென்னை மறியலையும் விடாதீர்கள். மண்டபத்தில் வைத்திருந்ததும் தடுத்து வைத்ததுதான். வழக்கு பதிவாகாததால் நீதிமன்றக் காகிதம் கிடைக்காது. மாதம், வருடம், இடம், அன்றே விடுவித்தார்கள், குற்றச்சாட்டு இல்லை என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்தக் காவல் நிலையத்தில் கேட்டுப் பார்த்துக் கடிதம் கிடைக்கவில்லை என்றால், கேட்ட முயற்சியையும் சேர்த்துப் பிரமாண வாக்குமூலம் வையுங்கள். இலங்கையில் சுற்றிவளைப்பில் பிடிபட்டவர்களுக்கும் சோதனைச் சாவடியில் தடுத்து வைக்கப்பட்டவர்களுக்கும் இதே விதிதான். அகதி விண்ணப்பத்தில் அன்று சொன்ன தேதிகளோடு இது ஒத்துப்போக வேண்டும்.

அதே போல, உங்கள் ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) நகலை எடுத்து அங்கே கைது பற்றிய கேள்விக்கு என்ன பதில் எழுதினீர்கள் என்று பாருங்கள். நகல் இல்லையென்றால் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் உங்கள் கோப்பைக் கேட்டு வாங்கலாம். அங்கே 'இல்லை' என்று இருந்தால், கிரீன் கார்டே கேள்விக்குள்ளாகலாம். இந்த நிலையில் வழக்கறிஞர் இல்லாமல் என்-400 போடவே போடாதீர்கள்.

விளக்கம் எழுதும்போது தேதி, ஊர், நீதிமன்றக் காகிதத்தில் உள்ளபடியே குற்றத்தின் பெயர், முடிவு, இவ்வளவு போதும். கடைக்காரர் அநியாயம் செய்தார் என்ற வாதம் வேண்டாம். நேர்காணலில் அதிகாரி 'சைட்டட்' என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் பொருள் கேட்கலாம், ஒரு வாக்கியத்தில் சொல்லப் பழகுங்கள். ஏதாவது காகிதம் குறைந்தால் என்-14 என்ற கூடுதல் ஆவணக் கோரிக்கையைக் கொடுத்து, பொதுவாக 30 நாள் அவகாசம் தருவார்கள். மறுத்துவிட்டால், அந்த முடிவை எதிர்த்து மறுவிசாரணை கேட்கும் என்-336 படிவம் போடவும் 30 நாள்தான்.

நேர்காணலில் தேறிய பிறகும் ஒரு படிவம் பாக்கி இருக்கிறது. உறுதிமொழி நாளன்று கொண்டுபோகும் என்-445, நேர்காணலுக்குப் பின் கைதோ சைட்டேஷனோ உண்டா என்று, போக்குவரத்து மீறலையும் சேர்த்தே கேட்கும். இடையில் ஒரு ஸ்பீடிங் டிக்கெட் வாங்கியிருந்தால் அபராதத்தைக் கட்டி, ரசீதை எடுத்துக்கொண்டு போய், 'ஆம்' என்று குறித்துக் கொடுங்கள்.